பெத்தானி மேட்டின் பின்பாதி

மே 14, 2018, திங்கள்

மழை விட்டு மூன்று நாளாகிறது. காலையில் பன்னிரண்டு ஏக்கரையும் நடந்து பார்த்தேன். அப்பா மக்காச்சோளம் போட்ட நிலத்தில் நான் பிரெய்ரி என்கிற பழங்காலப் புல்வெளியின் விதை தூவி இது மூன்றாவது வருஷம். இன்னமும் பாதிக்குப் பாதி களைதான். ஊரில் இதற்கு "ஆர்லிஸ் களைப்பண்ணை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

தென்மேற்கு மூலையில் முட்டி போட்டுத் தேடினேன். திசைகாட்டிச் செடி. உள்ளங்கை அகலம், ஆழமாகக் கிழிந்த இலை, வடக்கு தெற்காக விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். பதினொன்று இருந்தது. இருமுறை எண்ணினேன்.

சாலையில் வெர்லின் மைன்ட்ஸ் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான்.

"என்ன ஆர்லிஸ், எதையாவது தொலைச்சிட்டியா?"

"தொலைக்கல. பதினொரு இலை கிடைச்சிருக்கு."

"உங்கப்பா இதே மண்ணுல ஏக்கருக்கு இருநூறு புஷல் சோளம் எடுத்தாரு. நீ பதினொரு இலை எடுக்கிறே."

"இன்னும் எண்ணி முடிக்கல."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன்; அப்போதும் இப்படித்தான்.

மே 28, திங்கள். நினைவு நாள்

பெத்தானி மேட்டுக் கல்லறையில், போருக்குப் போனவர்களின் கல்லோரம் கொடி நட்டோம். வழக்கம்போல முன்பாதி வெர்லின் கைவண்ணம். நாற்பது வருஷமாக அவன்தான் புல் வெட்டுகிறான், கம்பளம் மாதிரி. பின்பாதி சரிவு. அங்கே பழைய கல் பத்துப் பன்னிரண்டு இருக்கும், மற்றதெல்லாம் இடுப்பளவு புல். 1871-இல் கல்லறைக்கென்று ஒதுக்கியதால் அந்த ஒரு ஏக்கரில் கலப்பையே படவில்லை. இந்த மாவட்டத்தில் ஏர் படாத மண் என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். என் நிலத்துக்கு விதை அங்கிருந்துதான் வருகிறது. அந்த விதையை வேறெங்கும் வாங்க முடியாது.

கொலராடோவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கொள்ளுத்தாத்தாவின் கல்லைத் தேடிப் பின்பாதிக்குள் போய், உடம்பெல்லாம் உண்ணி ஒட்டிக்கொண்டு திரும்பினார்கள். அந்த அம்மாள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "செத்தவங்களை இப்படியா போட்டு வைப்பீங்க?"

வெர்லின் முகம் சிவந்துவிட்டது. கொடியைச் சுருட்டியபடி என்னைப் பார்த்து, "கேட்டியா? உன் களை நமக்கு வாங்கிக் கொடுத்த பேரு இது" என்றான்.

என் களையாம். நான் பிறப்பதற்கு முன்னால், அந்தக் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கும் முன்னாலிருந்து இருக்கிறது.

ஜூன் 11, திங்கள்

தீயணைப்பு நிலையத்தில் டவுன்ஷிப் குழுக் கூட்டம். குழு என்றால் மூன்று பேர்: வெர்லின், ஆர்வில் டீக்மன், டார்வின் பாப்பி. கல்லறைக்கும் வேலித் தகராறுக்கும் இவர்கள் வைத்ததுதான் சட்டம். எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஓர் ஏக்கரில் நூற்றுப் பத்து வகைச் செடி இருக்கிறது, பெயர்ப் பட்டியல் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். ஆர்வில் பட்டியலைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் காலியாக இருந்ததால் அதில் காபிக் கோப்பையை வைத்தார்.

"ஆர்லிஸ், நீங்க நல்லவங்க. இருபத்தொன்பது வருஷம் தபால்காரம்மாவா ஒரு நாள் தவறாம எங்க வீட்டுக்குத் தபால் கொண்டுவந்தீங்க. ஆனா களைக்காக நான் கை தூக்க முடியாது."

பின்பாதியையும் வெட்டுவதாகத் தீர்மானம். மூன்று கையும் எழுந்தன. டார்வினின் கை பாதிதான் எழுந்தது. எழுதும்போது முழுக் கையாகத்தான் எழுதிக்கொண்டார்கள்.

ஜூன் 12

இன்று யாரோடும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்காது.

ஜூலை 9, திங்கள்

காலை ஏழரைக்கு ஜோலீன் போன் செய்தாள். ஜோலீன் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். ஊரில் நடப்பதெல்லாம் அவள் கடை ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். "வெர்லின் புல்வெட்டி வண்டியை இழுத்துக்கிட்டு மேட்டுப் பக்கம் போறான். நீ என்ன போட்டிருந்தாலும் சரி, அப்படியே கிளம்பு."

போய்ச் சேருவதற்குள் பாதி போய்விட்டது. பூவெடுத்து நின்ற திசைகாட்டிச் செடிகள் — என் தலைக்கு மேல் வளர்ந்தவை — கூழாகிக் கிடந்தன. பச்சை ரத்த வாடை. நூறு வருஷம் வாழும் செடிடா அது. ஒரு நிமிஷத்துல...

என் காரில் மடக்கு நாற்காலி இருந்தது. எடுத்துப்போய், வெட்டாத பாதியின் ஓரத்தில், அவன் வண்டி வரும் தடத்தில் விரித்து உட்கார்ந்தேன். ஆறடி தள்ளி நிறுத்தினான்.

"எந்திரி."

"மாட்டேன்."

"ஆர்லிஸ், இது குழுத் தீர்மானம்."

"தெரியும். நானும் அங்கதானே இருந்தேன். மனு கொடுத்தேன், மூணு நிமிஷம் பேசினேன், என் பட்டியல் மேல காபி வச்சாங்க. இப்ப உக்காந்திருக்கேன்."

"அறுபத்திமூணு வயசுல உனக்கு இது தேவையா?"

"எழுபத்தொண்ணுல உனக்கு இது தேவையா?"

எஞ்சினை அணைத்துவிட்டு அவனும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரம். வெயில் ஏறியது. கடைசியில், "நாளைக்கும் வருவேன்" என்றான்.

"நாளைக்கும் நாற்காலி இருக்கும்."

ஜூலை 10

இருந்தது. அவனும் வந்தான். ஜோலீன் எனக்கு ஹாம் சாண்ட்விச் கொண்டுவந்தாள். அவனுக்கும் ஒன்று கொடுத்தாள். "ரெண்டு பேரும் என் கடைக்கு வர்றவங்க. நான் கட்சி சேர மாட்டேன்" என்றாள். எனக்கு மட்டும் ஊறுகாய் வைத்திருந்ததை அவன் கவனிக்கவில்லை.

ஜூலை 11

கழுத்து வெயிலில் வெந்துபோய்விட்டது. நகரவில்லை.

ஜூலை 12, வியாழன்

அவன் வரவில்லை. பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன்.

சரி, என்னதான் மிச்சம் என்று பார்க்க வெட்டிய பாதிக்குள் நடந்தேன். சரிவின் நடுவில் சின்னக் கல் ஒன்று. இத்தனை வருஷம் விதை பொறுக்கியும் நான் பார்த்ததே இல்லை, புல் மூடியிருந்திருக்கிறது. ரொட்டி அளவுதான். பாசியெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தது. பக்கத்தில் துடைத்த துணி, காய்ந்து விறைத்துப்போயிருந்தது.

"மைன்ட்ஸ். பெண் குழந்தை. 1952 மார்ச்." வேறெதுவும் இல்லை. பெயர் வைக்கவே நேரமில்லாமல் போயிருக்கும்.

அப்போது வெர்லினுக்கு ஐந்து வயது.

கொலராடோக்காரி வெறும் சாக்கு.

ஜூலை 14, சனி

நேற்று முழுக்க என் மேலேயே கோபம். இன்று அவன் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் பிளேடு தீட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"வெர்லின், உன் தங்கச்சி அங்க இருக்கிறது எனக்குத் தெரியாது."

"இருபத்தொன்பது வருஷம் வீடு வீடா தபால் கொடுத்தா எல்லாம் தெரிஞ்சிரும்னு நெனச்சியா?"

கொட்டகை வாசலிலேயே நின்றேன்.

அப்புறம் அவனாகவே சொன்னான். அம்மா வருஷா வருஷம் மேட்டுக்கு நடந்து போவாளாம். முட்டி போனபிறகு அவனைப் போகச் சொன்னாள். பின்பாதிக்குள் இறங்க அவனுக்கும் இப்போது முட்டியில் பலம் இல்லை. "புல்லு மூடாமப் பாத்துக்கடான்னு ஒண்ணுதான் கேட்டா. அதைக்கூட செய்யல நான். பதினெட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் அந்தக் கல்லைப் பாத்தேன்."

"கல்லு வரைக்கும் ஒரு பாதை வெட்டிக்க. நானே வந்து வெட்டித் தர்றேன். மத்ததை விட்டுரு."

"பாதை வேணாம். சுத்தமா இருக்கணும்."

"அது சுத்தமாத்தான் இருக்கு, வெர்லின். அந்த மண்ணுல யாரும் எதையும் குழப்பல. இந்தப் பக்கத்துல அப்படி இருக்கிறது அது ஒண்ணுதான்."

"உனக்கு அது செடி. எனக்கு அது எங்க அம்மா சொன்ன வார்த்தை."

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதுவிட்டு யோசித்தேன். அவன் துக்கம் உண்மை. அவன் செய்கிறது தப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடாதா என்ன? எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்பதற்காக நாற்காலியை மடக்கிவிட மாட்டேன்.

ஆகஸ்ட் 3

வெட்டிய பாதியில் மழைக்குப் பின் தளிர். அடிக்கட்டையிலிருந்து விரல் நீளம். வேர் பதினைந்து அடி கீழே இருக்கிறது; மேலே என்ன நடந்தது என்று அதற்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை போலும்.

செப்டம்பர் 10, திங்கள்

கூட்டம்.

இனி வெட்டுவது இல்லையாம். வெட்டினால் நான் நாற்காலி போடுவேனாம். அடுத்த மே மாதம் பின்பாதி முழுக்கக் களைக்கொல்லி அடித்து, எல்லாம் கருகினதும் புல்தரை விதை போடப் போகிறார்கள். ஆர்வில் சொன்னார், வெர்லின் ஆமோதித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. டார்வின் காதுக் கருவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

வெட்டினால் துளிர்க்கும். மருந்து அடிச்சா வேரோட போச்சு. அவ்வளவுதான். முடிஞ்சுது. பனியுகம் முடிஞ்ச காலத்துலேருந்து நின்னதை ஒரு மத்தியானத்துல முடிச்சிருவாங்க. முடியுமா? முடியும். கை தூக்கினா போதும்.

மூணு கை.

செப்டம்பர் 11

கை தூக்குகிற மூன்று பேரை யார் தேர்ந்தெடுத்தது? நாங்கள்தான். நவம்பரில் ஆர்விலின் இடத்துக்குத் தேர்தல். எப்போதும்போல அவர் ஒருவர்தான் நிற்கிறார். தேர்தல் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். மனு கொடுக்கும் நாள் ஆகஸ்டோடு முடிந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். பிறகு, கொஞ்சம் தயங்கி: "ஆனா ஓட்டுச் சீட்டுல கீழ ஒரு கோடு காலியா இருக்கும். யாரு பேரை வேணா அதுல கையால எழுதலாம். அதுவும் ஓட்டுதான்."

நான் நிற்கப் போகிறேன் என்று ஜோலீனிடம் சொன்னேன். "உன் பேரை எழுதறதுக்கு முன்னாடி ஊருக்கே எழுத்துக் கூட்டக் கத்துக் கொடுக்கணுமே" என்றாள். எங்கள் குடும்பப் பெயரை ஜேடன் என்று சொல்கிறோம், எழுதும்போது ஜே-க்கு முன்னால் வாயில் வராத ஒரு டி போடுகிறோம். எங்கள் முன்னோர்களைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 29, சனி

வெட்டாத பாதியில் விதை பொறுக்கினேன். போன வருஷம் ஒன்பது தலையணை உறை நிறைந்தது. இப்போது நாலு. பெரிய நீலத்தண்டுப் புல் ஓர் உறை. குத்துப்புல் விதையை உருவினால் கையெல்லாம் வெண்ணெய்ச் சோளப்பொரி வாசனை, சாப்பிடும்வரை கழுவவில்லை.

அக்டோபர் 16

இன்றோடு ஐம்பத்திரண்டு வீடு. துண்டுச் சீட்டை வீட்டு வாசல் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரலாமே என்றாள் ஜோலீன். தபால்தலை இல்லாத காகிதம் தபால் பெட்டிக்குள் போகக் கூடாது. நானே அதைச் செய்யவா? கதவைத் தட்டுகிறேன்.

பாதிப் பேருக்குச் செடியைப் பற்றி அக்கறை இல்லை. சிலர் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். "மருந்து" என்றதும் மட்டும் முகம் மாறுகிறது. மேட்டுக்குக் கீழேதான் அவர்களுடைய கிணறு. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நூற்றுப் பத்துச் செடிப் பெயரை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஆர்வில் வீட்டுக் கதவையும் தட்டினேன். விட்டுவிட்டுப் போவது கோழைத்தனம் இல்லையா?

"என் இடத்தைப் பிடுங்க என் வாசலுக்கே வந்துட்டீங்க."

"ஆமா ஆர்வில். உங்க ஓட்டு கிடைக்குமா?"

உள்ளே கூப்பிட்டு, ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் ஒரு துண்டு கொடுத்தார். ஓட்டு கிடையாது என்றார்.

நவம்பர் 6

ஓட்டுச் சீட்டில் என் பெயரை நானே எழுதினேன். எழுத்துப் பிழை இல்லை.

நவம்பர் 13, செவ்வாய்

அதிகாரபூர்வக் கணக்கு. ஆர்வில் 84. நான் 87.

என் பெயரைப் பதினாறு விதமாக எழுதியிருக்கிறார்களாம். வெறும் "தபால்காரம்மா" என்று மட்டும் எழுதிய நாலு சீட்டைத் தள்ளிவிட்டார்கள். அப்படியும் மூன்று ஓட்டு.

சந்தோஷமாக இருக்கிறது. இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் — ரொம்ப ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

ஜனவரி 14, 2019, திங்கள்

முதல் கூட்டம். வெளியே மைனஸ் பத்தொன்பது. தீர்மானத்தை நானே வாசித்தேன்: மருந்து கிடையாது, பின்பாதி வெட்டுவது கிடையாது, ஏப்ரலில் காய்ந்த புல்லை முறைப்படி எரிப்பது (வேர் பிழைத்து இன்னும் நன்றாகத் தழைக்கும்), குழந்தையின் கல்லுக்கு நாலடி அகலத்தில் பாதை. வெர்லின் "இல்லை" என்றான். ஒன்றுக்கு ஒன்று. டார்வின் பாப்பியைப் பார்த்தோம்.

டார்வின் காதுக் கருவியைச் சரி செய்தார். "எங்கப்பா அங்க படுத்திருக்காரு. உயிரோட இருந்தப்பவே அவருக்கு மருந்துன்னா ஆகாது." கையைத் தூக்கினார். முழுசாக.

வெர்லின் பையிலிருந்து புல்வெட்டிக் கொட்டகைச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தான். "முன்பாதியையும் இனி நீயே வெட்டிக்க" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 12, வெள்ளி

தெற்கிலிருந்து மிதமான காற்று. எரித்தோம்.

சாலையோரப் புல்லைப் பார்த்துக்கொள்ளும் மாவட்ட ஆள் கர்டிஸ் ஐந்து பேரோடு வந்தான். அவனுக்கு இது தொழில். தண்ணீர் டாங்க், தீயை அடித்து அணைக்கும் துடைப்பம், எல்லாம் முறையாக. வெர்லின் சாலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் சுரண்டும் கட்டையை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"கல்லைச் சுத்திக் காய்ஞ்ச புல்லு கிடக்கு. வழிச்சு எடுக்கணும். நீ செய்றியா, நான் செய்யட்டா?"

"கொளுத்தப் போறது நீ. என்னை எதுக்குக் கூப்பிடறே?"

"அவ உன் தங்கச்சி."

கட்டையை வாங்கிக்கொண்டான். சரிவில் ஒவ்வோர் அடியாக இறங்கினான். நான் கை கொடுக்கவில்லை. கொடுத்தால் திரும்பிப் போயிருப்பான். கல்லைச் சுற்றி மண் தெரியும்வரை வழித்தான். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினான்.

நெருப்பு பன்னிரண்டு நிமிடம்தான். கறுப்பாகக் கிடக்கும் மேட்டைப் பார்த்து, "செத்துப்போச்சு" என்றான். "பொறு" என்றேன். வேறு என்ன சொன்னாலும் சண்டைதான் வந்திருக்கும்.

மே 6

கறுப்பு தெரியவில்லை. மேடு முழுக்கப் பச்சை.

மே 21

முன்பாதி புல்லை வெட்டுகிறேன். வாரம் ஒரு முறை. முதுகு போய்விட்டது. புகார் போன் எல்லாம் இப்போது எனக்குத்தான் வருகிறது: எங்கள் மேரியின் கல்லோரம் வெட்டவில்லை, பூஜாடி உடைந்திருக்கிறது, புல்லை ரொம்ப ஒட்ட வெட்டிவிட்டாய். இவ்வளவு காலம் இதையெல்லாம் அவன் காதில் வாங்கிக்கொண்டு வெட்டியிருக்கிறான், ஒரு வார்த்தை வெளியே சொல்லாமல்.

இருந்தாலும் கூப்பிட மாட்டேன்.

ஜூன் 17, திங்கள்

புல்வெட்டி வண்டி கல்லறை நடுவில் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். பின்னால் வண்டிச் சத்தம். வெர்லின்.

"பெல்ட் அறுந்துருச்சு. ஈரப் புல்லுல ஓட்டினியா?"

"ஓட்டினேன்."

"ஈரத்துல ஓட்டக் கூடாது."

"யாரும் சொல்லல."

"நீ யாரையும் கேக்கல."

அது சரிதான். பெல்ட்டை அவனே மாற்றினான். மாற்றிவிட்டு வண்டியில் ஏறி, மிச்சப் புல்லையும் வெட்டி முடித்தான். போகும்போது கையை நீட்டினான். கொட்டகைச் சாவியைக் கொடுத்தேன். "பின்பாதியைப் பத்தி என் கருத்து மாறல" என்றான். "நான் கேக்கவே இல்லையே" என்றேன்.

ஜூலை 18, வியாழன்

மேட்டுக்குப் போனேன். போன வருஷம் வெர்லின் வெட்டிய பாதியும் வெட்டாத பாதியும் இப்போது அடையாளம் தெரியவில்லை. இரண்டிலும் திசைகாட்டிச் செடி எட்டடி உயரத்துக்குப் பூத்து நிற்கிறது, மஞ்சள் மஞ்சளாக. எண்ணப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியதும் தேனீ விரட்டிவிட்டது.

பாதையைக் காலையில்தான் வெட்டியிருந்தான். நறுக்கின புல் வாடவில்லை. வாசலிலிருந்து குழந்தையின் கல்லை நோக்கி நேராக இறங்குகிறது. பாதி வழியில் சட்டென்று இடது பக்கம் ஒதுங்கி, ஒரு வளைவு போட்டு, மறுபடி நேராகிறது. வளைவுக்குள் ஒரேயொரு திசைகாட்டிச் செடி. நாலு தண்டு, ஒன்றுகூட ஒடியவில்லை.

வீட்டுக்கு வந்து போன் செய்தேன்.

"வெர்லின், பாதை நடுவுல வளையுதே?"

"அங்க கல்லு ஏதோ இருக்கு. பிளேடு போயிரும்."

"கல்லு இல்ல. நான் பாத்தேன்."



"இருக்கு" என்றான். போனை வைத்துவிட்டான்.

சரி. இருக்கட்டும்.